கேபிள் உருளையும் விறாந்தை மேசையும்

நகரத்து வீதிகளிலே நிலத்தைக் கிண்டி மின்வடம் புதைக்கும் வேலை நடைபெறுகையில், ஓரத்திலே பெரிய மரச் சாமான் ஒன்று நிற்பதை நேயர்கள் கண்டிருப்பார்கள். வண்டிச் சில்லு இரண்டை எடுத்து, இடையிலே ஒரு பீப்பாவை வைத்து இறுக்கினாற்போல அது இருக்கும். தையற்பொறியின் நூற்கட்டையை இராட்சதன் ஒருவன் பெருப்பித்து வைத்தான் என்றாலும் பொருந்தும். அதிலே சுற்றியிருந்த கேபிள் முழுவதும் நிலத்தினுள்ளே போய்விடும். கிண்டிய பள்ளத்தை மூடிவிட்டு வேலையாட்களும் போய்விடுவார்கள். கட்டை மாத்திரம் நிற்கும். மழை பெய்யும், வெயில் எறிக்கும், ஆட்டுக்குட்டி ஒன்று அதன்மேல் ஏறி நின்று சந்தியைப் பார்க்கும். பின்னர் அதன் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று, யாரோ ஒருவருடைய அடுப்பிலே போய்ச் சேரும்.

அந்தக் கட்டைக்கு அடுப்பைவிட நல்ல கதியும் உண்டு. அதை மேசையாக்கலாம், புத்தகத் தட்டாக்கலாம், ஆடுகதிரையாக்கலாம். இவ்வாறு செய்வதை ஓய்வுநேரக் கைப்பணியாகக் கொண்டோர் பல நாடுகளிலும் உளர், இந்நாட்டிலும் உளர். அவர்களுடைய பணியைப் பற்றியும், அப்பணியிலே மறைந்திருக்கும் ஓர் அபாயத்தைப் பற்றியும் சொல்வதே இன்றைய பேச்சு.

ஒரு பொருளைப் பிறிதொன்றாக மாற்ற விரும்புபவர், முதலிலே அது எதற்காக அவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். கேபிள் உருளையின் இரு பக்கத்திலும் உள்ள வட்டங்கள் ஒற்றைப் பலகையால் ஆனவை அல்ல. பலகைகளை ஒரு வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் குறுக்காக இன்னொரு வரிசையை அடுக்கி, இரண்டையும் ஆணிகளாலே தைத்து, பின்னர் வட்டமாக அறுத்து எடுப்பார்கள். மரம் தன் நீளவாட்டிலே எளிதிற் பிளக்கும்; குறுக்குவாட்டிலே பிளக்காது. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்துத் தைத்தால் இரண்டு வரிசையும் ஒன்றையொன்று காத்துக்கொள்ளும். தைத்த ஆணியின் கூரும் மறுபுறத்திலே மடக்கி அடிக்கப்பட்டிருக்கும். ஆதலால் அந்த ஆணியைப் பிடுங்குவது பெரும்பாடு. உருளையைக் கழற்றி நல்ல பலகை எடுக்கலாம் என்று நினைத்துத் தொடங்குவோர் அரை நாளிலே கை சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே.

இரு வட்டங்களுக்கும் நடுவிலே உள்ள பீப்பா, ஒடுங்கிய பலகைத் துண்டுகளை நெருக்கி நிறுத்தியமைத்தது. வட்டத்தின் உட்புறத்திலே வெட்டிய காடியில் இத்துண்டுகளின் முனைகள் பொருந்தி நிற்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பவை, ஒரு வட்டத்திலிருந்து மற்ற வட்டம் வரை ஊடுருவிச் செல்லும் நீண்ட இரும்புப் போல்ற்றுகள். உருளையின் பருமனுக்கேற்ப அவை நான்கும் இருக்கும்; அதற்கு மேலும் இருக்கும். நட்டைக் கழற்றினால் உருளை கழன்றுவிடும், இறுக்கினால் இறுகிவிடும். நடுவிலே உள்ள துவாரம் இரும்புத் தண்டைச் செலுத்தி உருளையைத் தூக்கி நிறுத்திச் சுழற்றுவதற்கானது.

பீப்பா ஏன் அவ்வளவு பருமனாய் இருக்கின்றது என்று சிலர் வியப்பர். கேபிளை அளவுக்கு மிஞ்சி வளைத்தால் உள்ளே உள்ள உலோகமும் அதைச் சுற்றியுள்ள காவலியும் பழுதடையும். கேபிள் எவ்வளவு தடிப்போ அதைப்போலப் பன்மடங்கு அகன்ற வளைவிலேயே அதைச் சுற்றுதல் வேண்டும். எனவே தடித்த கேபிளுக்குப் பருத்த பீப்பா. வட்டத்தின் முகத்திலே ஓர் அம்புக்குறி தீட்டப்பட்டிருக்கும். உருளையை அந்தத் திசையிலேயே உருட்டவேண்டும் என்பது அதன் கருத்து. மாறி உருட்டினால் சுற்றிய கேபிள் நெகிழ்ந்துவிடும். கேபிளோடு சேர்த்துப் பல தொன் நிறையைத் தாங்கி, கப்பலில் ஏறி இறங்கி, லொறியிலே குலுங்கி, மேடு பள்ளத்திலே உருண்டு வந்த பொருள் இது. வீட்டிலே தேநீர்க் கோப்பை நான்கைத் தாங்குவது அதற்கு ஒரு வேலையா?

பெட்டிப் பலகையைக் கொண்டு தளபாடம் செய்வது புதுமையன்று. நெதர்லாந்திலே உத்ரெக்ட் நகரில் வாழ்ந்த கெரிற் றீட்வெல்ட் என்பவர் தச்சர் ஒருவருடைய மகன். தந்தையின் பட்டறையிலே தொழில் பயின்று, பின்னர் கட்டடக் கலைஞராகப் புகழ் பெற்றவர். 1934ஆம் ஆண்டு, உலகப் பொருளாதார மந்தத்தின் நடுவிலே, பொருட்களைப் பொதி செய்யும் மலிவான பெட்டிப் பலகையைக் கொண்டே அவர் கதிரையும் மேசையும் வடிவமைத்தார். அவை துண்டுகளாகவே விற்கப்பட்டன. வாங்குபவர் தம் வீட்டிலே திருகாணியால் முடுக்கிக்கொள்ளவேண்டும். இத்தாலியிலே என்சோ மாரி என்பவர் 1974இல் வேறொரு காரியம் செய்தார். சாதாரண பலகையும் ஆணியும் சுத்தியலும் கொண்டு எவரும் செய்யத்தக்க மேசை, கதிரை, கட்டில் ஆகியவற்றின் வரைபடங்களை ஒரு சிறுநூலாக்கி, தபாற் செலவை அனுப்பியவர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். தளபாடத்தைத் தன் கையாற் செய்து பார்த்தவனுக்கே கடையிலுள்ள தளபாடத்தின் நன்மை தீமை விளங்கும் என்பது அவர் கொள்கை. அமெரிக்காவிலோ 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும், வாடகை அறைகளிலே குடியிருந்த மாணவர்களிடையே கேபிள் உருளையை அப்படியே படுக்கவைத்து மேசையாகப் பயன்படுத்துவது பெருவழக்காயிற்று. அவர்கள் அதைத் தேய்க்கவுமில்லை, மெருகிடவுமில்லை. இலவசமாய்க் கிடைத்தது, வட்டமாய் இருந்தது, அவ்வளவுதான்.

இலங்கையருக்கு இவ்வகைப் பாடம் ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேயிலை ஏற்றுமதி செய்த ஒட்டுப்பலகைப் பெட்டியை நினைவுகூரக்கூடியவர்கள் இன்றும் பலர் இருக்கின்றார்கள். உள்ளே ஈயநிறத் தகடு பதித்த அந்தப் பெட்டி, தேயிலையைவிட்டு நீங்கியபின் எத்தனை வீடுகளிலே அரிசிப் பெட்டியாயும் புத்தகப் பெட்டியாயும் பிள்ளைகளின் எழுதுமேசையாயும் இருந்தது! காகிதப் பைகள் வந்தபின் அது மறைந்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே 1990க்குப் பிந்திய போர்க் காலத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் உள்ளே சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டுத் திரி கொளுத்திப் படித்த பிள்ளைகள் பரீட்சையிலே சித்தியடைந்தார்கள். சைக்கிளின் டைனமோவைச் சுற்றி அதிலே பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டார்கள். புகையிரதம் நின்றுபோன பாதையிலே கிடந்த சிலிப்பர்க் கட்டைகளும் தண்டவாளங்களும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலே யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தபோது, அது புதிதாய்ப் போடப்பட்ட பாதையிலேதான் வந்தது.

ஆகவே பழைய பொருளைப் புதிதாக்குதல் என்ற சொல்லைக் கேட்டவுடன் எல்லோருக்கும் ஒரேவிதமான உணர்ச்சி உண்டாகும் என்று எதிர்பார்த்தலாகாது. இளையவர் ஒருவர் உருளையொன்றை உருட்டிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வருகின்றார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அது கலை. வீட்டிலே இருக்கும் மூத்த தாயார், “ஐயோ தம்பி, இதென்ன கோலம்? வாற சனம் பார்த்தா என்ன நினைக்கும்?” என்று கேட்பார். அக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுதல் தவறு. பெட்டிப் பலகையிலே உண்டு, பெட்டிப் பலகையிலே படுத்து, ஒருநாள் முதிரை மரத்திலே ஒரு மேசை செய்விக்கவேண்டும் என்று சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தவர் அவர். இல்லாமையாற் செய்தது வேறு. விருப்பத்தாற் செய்வது வேறு. அந்தத் தாயாருக்கு நியாயம் சொல்லவேண்டுமானால், செய்யும் வேலையை நன்றாகச் செய்தல் வேண்டும். ஆணி நீட்டிக்கொண்டிருக்கும் கட்டையைக் கொண்டுவந்து விறாந்தையிலே போட்டுவிட்டு அதற்குக் கலை என்று பெயரிட்டால், தாயார் சொல்வதே சரி.

இனி அபாயத்தைப் பற்றிய செய்தி. இதை மாத்திரம் நேயர்கள் சற்றுக் கவனமாகக் கேட்டல் வேண்டும்.

திறந்த வெளியிலே கிடக்கும் மரத்தைக் கறையானும் வண்டும் பூஞ்சணமும் தின்றுவிடும். அதைத் தடுப்பதற்கு மரத்தினுள்ளே மருந்து செலுத்தும் முறைகள் உள. அவற்றுள் மிகப் பரந்து வழங்கியது, செம்பும் குரோமியமும் ஆசனிக்கும் சேர்ந்த ஒரு கரைசல். 1933ஆம் ஆண்டிலே இந்தியாவின் தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்திலே சொந்தி காமேசம் என்னும் விஞ்ஞானி அதைக் கண்டறிந்தார். மின்கம்பங்களும் வேலிக் கட்டைகளும் பாலங்களும் பல்லாண்டு உழைப்பதற்கு உதவிய அரிய கண்டுபிடிப்பு அது. ஆனால் ஆசனிக்கு என்பது பாஷாணம். ஐக்கிய அமெரிக்காவிலே வீட்டுத் தேவைக்கான மரத்தில் இக்கரைசலைப் பயன்படுத்துவது 2003ஆம் ஆண்டின் முடிவோடு பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய நாடுகளும் அதையடுத்துக் கட்டுப்பாடு விதித்தன. எல்லா உருளைகளுக்கும் இம்மருந்து ஏற்றப்படுவதில்லை. நீண்டகாலம் வெளியிலே நிற்கவேண்டியவற்றுக்கு இதுவோ வேறு மருந்தோ ஏற்றப்பட்டிருக்கலாம். புதிதாய் இருக்கும்போது மரம் சிறிது பச்சை பாரித்திருக்கும். வெயிலிற் கிடந்து நரைத்தபின் அந்த நிறமும் தெரியாது.

இத்தகைய மரம் சும்மா நிற்கும்போது பெருந்தீங்கு செய்வதில்லை. அதை வாளால் அறுத்தால் எழும் தூளும், அரத்தாளால் தேய்த்தால் பறக்கும் துகளும் மூச்சோடு உள்ளே போகும். அதை எரித்தாலோ, பாஷாணத்தின் ஒரு பகுதி புகையிலே கலக்கும். எஞ்சியது சாம்பலிலே தங்கும். பல வீடுகளிலே இன்றும் அடுப்பிலே விறகு எரிகின்றது. அடுப்புச் சாம்பலாற் பாத்திரம் விளக்குவதும், கத்தரிச் செடிக்கு அதைத் தூவுவதும் பழைய வழக்கம். மேசைக்கென்று உருளை கொண்டுவருபவர் நல்ல பகுதியை எடுத்துக்கொண்டு, கழிவுத் துண்டுகளை “விறகுக்கு ஆகும்” என்று அடுப்பங்கரையிலே போட்டுவிடுவார். மேசை செய்தவருக்கு ஒன்றும் ஆகாது. சோறு சமைப்பவர் புகையைச் சுவாசிப்பார். சாம்பல் மேட்டிலே குழந்தை விளையாடும். வீதியோரத்து உருளையின் பலகையை எரிப்பதற்கென்றே கழற்றிச் செல்வோரும் இதே அபாயத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகின்றார்கள். வரலாறு தெரியாத உருளையின் மரத்தை ஒருபோதும் எரித்தலாகாது. சமைத்த உணவை நேராக வைக்கும் பலகையாகவோ, குழந்தையின் தொட்டிலாகவோ, கோழிக்கூடாகவோ அதை ஆக்குதலும் ஆகாது.

வெளிநாட்டிலிருந்து வந்த உருளையாயின், வட்டத்தின் ஓரத்திலே சூட்டுக்கோலால் இட்டதுபோன்ற ஒரு முத்திரை இருக்கலாம். கோதுமைக் கதிர் ஒன்றும், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும், ஓர் இலக்கமும், கடைசியிலே இன்னும் இரண்டு எழுத்துகளும் அதிலே காணப்படும். மரப் பொதிகளோடு சேர்ந்து பூச்சிகள் நாடு கடப்பதைத் தடுப்பதற்காக 2002ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொள்ளப்பட்ட சர்வதேச விதியின்படி இடப்படும் முத்திரை அது. கடைசி எழுத்துகள் ‘எச். ரி.’ ஆயின், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் இருக்குமாறு சூடாக்கப்பட்டது என்று பொருள். ‘எம். பி.’ ஆயின் மீதைல் புறோமைட்டு என்னும் நச்சுவாயு ஊட்டப்பட்டது என்று பொருள். அதைத் தவிர்த்துவிடுதல் புத்தி. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. இம்முத்திரை பூச்சியைப் பற்றி மாத்திரமே பேசுகின்றது. பாஷாணம் ஏற்றப்பட்டதா என்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர் உருளையின் சொந்தக்காரர் ஒருவரே.

சொந்தக்காரர் என்றதும் வேறொரு விஷயமும் வருகின்றது. வீதியிலே கிடப்பதெல்லாம் ஊருக்குப் பொது என்று நினைப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. உருளைக்குச் சொந்தக்காரர் உண்டு. திருப்பிக் கொடுத்தால் பணம் மீளும் என்ற ஒப்பந்தத்தோடு வரும் உருளைகளும் உள. கேட்டு வாங்கவேண்டும். வேலைத் தலத்து மேற்பார்வையாளரிடமோ களஞ்சியப் பொறுப்பாளரிடமோ முறையாகக் கேட்டால், “கொண்டு போங்கோ, இடம் மிச்சம்” என்று மகிழ்ந்து தருவாரும் உண்டு. விலைக்குத் தருவாரும் உண்டு. கேட்கும்போதே மரம் எங்கிருந்து வந்தது, மருந்து ஏற்றியதா, எவ்வளவு காலம் வெளியிற் கிடந்தது என்பனவற்றையும் கேட்டறிந்துகொள்ளலாம். இராத்திரியில் உருட்டிக்கொண்டு வருபவனுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க வாய்ப்பில்லை.

நல்ல உருளை கைக்கு வந்தது. இனி வேலை.

முதலிலே அதை நிழலிலே, காற்றோட்டமான இடத்திலே, கற்களின்மேல் உயர்த்தி வைத்துச் சில வாரங்கள் உலரவிடுதல் வேண்டும். அவசரப்படுவோர் இதைச் செய்யமாட்டார்கள். மழையில் நனைந்த மரம் ஊதியிருக்கும், உலர்ந்தபின் ஒடுங்கும். ஒடுங்கும்போது பீப்பாத் துண்டுகள் காடியிலே ஆடத் தொடங்கும். அப்பொழுது போல்ற்றின் நட்டுகளை, ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாமல், எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கிக்கொண்டு வரவேண்டும். உலரமுன் மெருகிட்டவர்களுடைய மேசை மூன்றாம் மாதம் ஆடும்.

உலர்ந்தபின் ஆணி பார்த்தல். சிறு காந்தம் ஒன்றைப் பலகையின்மேல் தடவிக்கொண்டு போனால் கண்ணுக்குத் தெரியாத ஆணியையும் அது காட்டிக்கொடுக்கும். நீட்டியிருப்பதை உள்ளே அடித்துத் தாழ்த்தலாம், எடுக்கக்கூடியதை எடுக்கலாம். வட்டத்தை வாளால் அறுக்கவேண்டுமாயின் இச்சோதனை கட்டாயம். மின்வாள் ஆணியிலே பட்டால் பல் தெறிக்கும். அது கண்ணுக்கு நேரே வரும். கண்ணுக்குக் கண்ணாடியும் மூக்குக்குக் கவசமும் இல்லாமல் இவ்வேலையைத் தொடங்குபவரைத் தைரியசாலி என்று புகழவேண்டியதில்லை.

தேய்ப்பதுதான் நெடிய வேலை. 60ஆம் இலக்க அரத்தாளிலே தொடங்கி, 120க்கு வந்து, 180 அல்லது 220இலே முடிப்பது வழக்கம். இலக்கம் கூடக் கூடத் தாள் மென்மையாகும். இடையிலே ஒன்றைத் தாண்டிவிட்டால், முதலாவது தாள் கீறிய கோடுகள் மெருகிட்டபின் எழுந்து நிற்கும். இறப்பர் மரமாயின் வெளிறிய நிறமும் நெருங்கிய இழையும் தெரியும். அதை வண்டு எளிதில் துளைக்கும் ஆதலால் மாப்போன்ற தூள் எங்கேனும் கொட்டுகின்றதா என்று பார்க்கவேண்டும். பைன் மரமாயின் தேய்க்கத் தேய்க்கப் பிசின் மணம் வரும். கண்கள் போன்ற கணுக்கள் தோன்றும். நரைத்துக் கிடந்த பலகைக்குள்ளிருந்து தேன் நிறமான மரம் வெளிப்படும் அந்த நேரத்துக்காகவே பலர் இக்கைப்பணியை விடாமற் செய்கின்றார்கள் என்று கொள்ளலாம்.

மெருகிடுவதற்கு வாணிசும் பூசலாம். ஆளிவிதை எண்ணெயும் பூசலாம். எண்ணெய் பூசுவோர் அறியவேண்டிய ஒன்று உண்டு. அந்த எண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது வெப்பத்தை வெளிவிடும். பலகையிலே பரந்திருக்கும்போது அவ்வெப்பம் பறந்துவிடும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையிலே எறிந்தால் வெப்பம் உள்ளேயே கூடி, கொளுத்துவார் இல்லாமலே தீப்பற்றும். துணியை விரித்து வெளியிலே கொடியிற் போடுக. அன்றேல் தண்ணீரிலே அமிழ்த்தி வைக்குக.

என்ன பொருளாக ஆக்குவது என்பதிலே ஆசைக்கும் அளவுக்கும் ஒரு போட்டி நடக்கும். உருளையைப் படுக்கவைத்தால் வட்டம் மேலே வரும். உடனே எல்லோருக்கும் அது சாப்பாட்டு மேசையாகத் தோன்றும். அதனருகே கதிரையைப் போட்டு அமர்ந்து பார்த்தால்தான் சங்கடம் தெரியும். வட்டத்தின் விட்டம் 100 சென்ரிமீற்றர், பீப்பாவின் விட்டம் 50 சென்ரிமீற்றர் என்று கொண்டால், வட்டத்தின் விளிம்பிலிருந்து பீப்பா வரை 25 சென்ரிமீற்றரே உண்டு. முழங்கால் வசதியாக நுழைவதற்கு ஏறத்தாழ 40 சென்ரிமீற்றராவது வேண்டும். கீழ் வட்டமோ பாதத்தை உள்ளே விடாது. விருந்தாளி பக்கவாட்டிலே திரும்பி இருந்து உண்ணவேண்டிவரும். ஆகவே உருளையை உருளையாகவே வைத்துச் சாப்பாட்டு மேசையாக்குவது பெரும்பாலும் ஏமாற்றம். 45 சென்ரிமீற்றரளவு உயரமுள்ள சிறிய உருளையாயின் விறாந்தையிலே தேநீர் மேசையாக அழகாய் இருக்கும்; அதற்கு முழங்காலை உள்ளே விடவேண்டிய தேவையில்லை. பெரிய உருளையாயின் மேல் வட்டத்தை மாத்திரம் எடுத்து, தச்சரைக்கொண்டு நான்கு கால் அமைப்பித்தால் உண்மையான மேசை வரும். நடுத் துவாரத்தை மூடவேண்டும் என்று பலர் அந்தரப்படுவர். அதிலே ஒரு பூச்சாடி வைத்தால் போதும்.

புத்தகத் தட்டு இதைவிடச் சிறந்தது. பள்ளிக்கூடம் ஒன்றின் வகுப்பறை மூலைக்கு இதைவிட ஏற்ற பொருளைக் காண்பது அரிது. உருளையைப் படுக்கவைத்து, பீப்பாவைச் சுற்றிப் புத்தகங்களை முதுகு வெளியே தெரிய நிறுத்தவேண்டும். பீப்பாவின் விட்டம் 40 சென்ரிமீற்றராயின் அதன் சுற்றளவு ஏறத்தாழ 126 சென்ரிமீற்றர். புத்தகம் ஒன்று 2 சென்ரிமீற்றர் தடிப்பாயின் அறுபதுக்கு மேற்பட்ட புத்தகங்கள் ஒரே உருளையில் அடங்கும். வெளிவட்டம் உள்வட்டத்திலும் பெரிது. ஆதலால் புத்தகங்கள் விசிறிபோல விரிந்து நிற்கும். சின்னஞ்சிறு பிள்ளையும் இழுத்து எடுக்கலாம். புத்தகங்கள் சரியாதிருக்க, நாலைந்து இடங்களில் மெல்லிய தடுப்புப் பலகை வைத்தல் நன்று. கீழே தடுப்பு உள்ள சிறு சில்லுகள் பூட்டினால் மழைத் தூவானம் அடிக்கும்போது யன்னலோரத்திலிருந்து தள்ளிவிடலாம். விட்டமும் சுற்றளவும் பற்றிய கணக்கை இதைக் காட்டிச் சொன்னால் பிள்ளைகள் எளிதிலே மறக்கமாட்டார்கள். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்திலே தொழில் முன்னிலைப் பாடங்கள் என்று ஒன்று வந்ததையும், பெற்றோர் பலர் அதை விரும்பாமற் போனதையும், சில ஆண்டுகளிலே அது கைவிடப்பட்டதையும் முதியோர் அறிவர். பிள்ளையைத் தச்சனாக்கவா பள்ளிக்கூடத்துக்கு விட்டோம் என்று அன்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று பணம் கொடுத்து உளி பிடிக்கக் கற்கின்றார்கள்.

ஆடுகதிரை செய்வதற்குக் கைத்திறமை வேண்டும். இரு வட்டங்களும் இரு பக்கமாக நிற்க, பீப்பாவின் முன்பகுதித் துண்டுகளைக் கழற்றிவிட்டு, எஞ்சியவற்றை ஆசனமாயும் சாய்வாயும் வைத்துக்கொள்வர். வட்டமே கதிரையின் காலாய் நின்று ஆடும். ஆனால் முழு வட்டம் ஆடுவதோடு நில்லாது, உருளும். பின்பக்கத்திலே தடைக்கட்டை பொருத்தாவிட்டால், சாய்ந்திருக்கும் பெரியவர் தலைகீழாகப் போவார்.

இதையொட்டிப் பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். விளிம்பிலே நிற்கும் உருளையைக் கண்டால் பிள்ளைகள் அதன்மேல் ஏறுவார்கள், உருட்டிப் பார்ப்பார்கள். வெறும் உருளையும் பாரமானதே. சரிவான ஒழுங்கையிலே உருளத் தொடங்கினால் பெரியவர் ஒருவராலும் பிடிக்க முடியாது. வளவுக்குள் வந்தவுடனே அதைப் படுக்கவைத்தல் வேண்டும். நிறுத்தி வைக்கவேண்டியிருந்தால் இரு பக்கமும் ஆப்பு வைத்தல் வேண்டும்.

செலவுக் கணக்கையும் ஒளிக்காமற் சொல்லிவிடலாம். உருளை இலவசமாய் வந்தாலும், லொறிக் கூலி, அரத்தாள், வாணிசு, திருகாணி, சில்லு என்று பார்த்தால், கடையிலே பிளாத்திக்கு மேசையொன்று வாங்கும் தொகை ஆகிவிடும். நாலைந்து சனி ஞாயிறு போகும். பணம் மிச்சம் பிடிப்பதற்கென்று இதிலே இறங்குபவர் வேறு வழி பார்க்கலாம். ஆனால் பிளாத்திக்குக் கதிரையின் கால் ஒன்று முறிந்தால் அதைத் திருத்துவார் இல்லை. உருளை மேசை ஆடினால் நட்டை இறுக்கலாம். கீறல் விழுந்தால் மறுபடி தேய்க்கலாம்.

இது தச்சருடைய தொழிலைக் கெடுக்குமா என்று கேட்பவர்களும் உளர். மொறட்டுவையிலேயோ ஊர்ப் பட்டறையிலேயோ நல்ல மரத்திலே பொருத்து வெட்டி இணைக்கும் ஆசாரியாருடைய வேலைக்கும் இதற்கும் போட்டியே இல்லை. ஒரு மாதம் அரத்தாள் பிடித்துக் கை காய்த்தவருக்கு, ஆசாரியார் சொல்லும் கூலி அதிகமென்று பேரம் பேச மனம் வராது. உண்மையிலே, வட்டத்துக்குக் கால் பொருத்தவும் விளிம்பைச் சீவுளியால் நேராக்கவும் அவரிடமே போகவேண்டியிருக்கும். அவர் உருளையைச் சுற்றி ஒருமுறை நடந்து, விரலாலே தட்டிப் பார்த்து, “மரம் பரவாயில்லை” என்று சொன்னாரானால் அதுவே சான்றிதழ்.

எல்லாம் முடிந்தபின் ஓர் இடத்தை மாத்திரம் தேய்க்காமல் விட்டுவிடுவது இக்கைப்பணியாளர் பலருடைய வழக்கம். மங்கிய மையிலே தீட்டிய அம்புக்குறி இருக்கும் இடம் அது. அதன்மேலேயே வாணிசு பூசி வைப்பார்கள். முற்றத்திலிருந்து விறாந்தைக்கு மேசையைக் கொண்டுபோகும் நாளிலே அந்த அம்பு காட்டும் திசையிலேயே உருட்டிக்கொண்டு போவார்கள். சுற்றிய கேபிள் இல்லாதபோது எந்தத் திசையில் உருட்டினால்தான் என்ன? ஆயினும் அப்படியே செய்வார்கள். விறாந்தைப் படியிலே ஏற்றுவதற்கு மாத்திரம் அயல் வீட்டார் இருவரைக் கூப்பிடவேண்டியிருக்கும். தாயார் தேநீர் ஊற்ற உள்ளே போவார்.